பவுடருக்கு அடங்காத வியர்வை

அன்றைக்கு அந்த மாடி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மணப்பெண் ஜெனிட்டா. அவளுடைய அம்மா மரியபுஷ்பம். மாப்பிள்ளையின் அக்கா அருள்ரீட்டா. போட்டோ எடுக்க வந்திருந்த பையன் ராஜ்குமார். ஐந்தாவது ஆள், கையில் பவுடர் பஞ்சோடு நான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு ஊரில் யார் யாரோ தாங்களும் அங்கே இருந்ததாகவும், கண்ணால் பார்த்ததாகவும் சொல்லித் திரிந்தார்கள். யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது.

பார்லர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பார்லர் நடத்துகிறவர்கள் கேட்டார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதச் சொன்னதிலிருந்து ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. தப்பாக எழுதினால் சிரிப்பார்களே என்று ஒரு கவலை. சரியாக எழுதினால் மரியபுஷ்பம் அம்மா படித்துவிடுவாரே என்று இன்னொரு கவலை. முழங்கால் போய் வேலையை விட்ட பிறகும் இந்தக் கவலைப்படுகிற தொழிலை மட்டும் என்னால் விட முடியவில்லை.

முகம் மினுமினுக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று நீங்கள் எல்லாரும் என்னிடம் கேட்கிறீர்கள். நம் பக்கம் அதுதான் பெரிய பாடு. கடல் காற்றில் உப்பும் ஈரமும் கலந்து வருகிறது. காலையில் போட்ட பவுடர் கோயில் வாசலுக்குப் போவதற்குள் பிசின் மாதிரி ஆகிவிடுகிறது. எந்த கிரீம், எந்த ஸ்பிரே என்பதையெல்லாம் போனிலேயே பார்த்துக் கற்றுக்கொள்கிறீர்கள். நான் சொல்லப்போவது வேறு. ஒரு பெண்ணின் உயிர் என் கைக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது, நான் அவள் நெற்றியின் மினுமினுப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

ராமேஸ்வரம் தீவுக்குள் ஒரு கடலோர ஊர். கிறிஸ்தவக் கல்யாணம், காலையில் கோயிலில் பூசை. பூசையில் மணமக்கள் நன்மை வாங்க வேண்டும். சாமியார் கையால் அப்பம் வாங்குவதைத்தான் அங்கே நன்மை வாங்குவது என்பார்கள். அதை வாங்கும் வரை வயிறு வெறுமையாக இருக்க வேண்டும் என்பது மரியபுஷ்பம் அம்மாவின் கட்டாயம். நான் போய்ச் சேர்ந்தபோதே சொல்லிவிட்டார்.

“பார்லர் அக்கா, எம் மகளுக்கு யாரும் எதுவும் குடுக்கப்படாது. பச்சத் தண்ணிகூட நன்மை வாங்குன பெறவுதான்.”

எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது. உதட்டுச் சாயம் போட்ட பிறகு பெண் வாயைத் திறக்காமல் இருந்தால் நமக்குப் பாதி வேலை மிச்சம். சாப்பிடாதே, குடிக்காதே என்று நாமே சொல்கிறவர்கள்தானே. நான் தலையாட்டினேன்.

ஜெனிட்டா அமைதியான பிள்ளை. நர்சரி பள்ளியில் டீச்சர். முகத்துக்கு அடிப்பூச்சு போடும்போது, “அக்கா, ரொம்ப வெள்ளையா ஆக்கிராதீங்க, எங்க பிள்ளைக என்னையத் தேடும்” என்று சொல்லிச் சிரித்தாள். நல்ல தோல். எண்ணெய் வழிகிற முகமே இல்லை. ஜன்னலை எல்லாம் சாத்தி, ஏசியைக் கடுமையாக வைக்கச் சொல்லியிருந்தேன். அருள்ரீட்டா குளிர் தாங்காமல் துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அருள்ரீட்டா சும்மா வந்தவர் இல்லை. பெண் கட்டுகிற வெள்ளைப் பட்டு மாப்பிள்ளை வீடு எடுத்துக்கொடுப்பது. அதைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து, பெண்ணுக்கு உடுத்திவிட்டு, கையோடு கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டியது மாப்பிள்ளையின் அக்கா. அதனால் பெண் வீட்டின் அத்தனை கண்ணும் அவர் மேலேயே இருந்தது. அவர் தும்மினால்கூட மரியபுஷ்பம் அம்மா எழுந்து நின்றார்.

சேலை கட்டும்போது கொசுவத்தைச் செருகுவதற்காகக் குனிந்தேன். ஜெனிட்டாவின் தொப்புளைச் சுற்றி நீலமாக, சிறிது சிறிதாகப் புள்ளிகள். சில பழையவை, சில புதியவை. கொசுக்கடி என்று நினைத்தேன். மரியபுஷ்பம் அம்மா சட்டென்று முந்தானையை இழுத்து மூடினார். கூச்சம் என்று நினைத்தேன். இரண்டு தடவை நினைத்தேன், இரண்டும் தப்பு.

பிறகு ராஜ்குமார் உள்ளே வந்தான். நாலு பிளாஷ் அடித்துவிட்டு கேமராவில் பார்த்தான்.

“அக்கா, நெத்தி மின்னுது.”

முகத்து எண்ணெயை உறிஞ்சுகிற தாளை எடுத்து ஒற்றினேன். பவுடரை அழுத்தி வைத்தேன். அவன் திரும்ப எடுத்தான்.

“இப்ப மேலுதடு மின்னுதுக்கா. ட்யூப்லைட்டு மாதிரி இருக்கு.”

“ஒன் கேமராவத் தொடைச்சியாடா நீ?” என்றேன். எனக்கு உள்ளுக்குள் பயம். நம் தொழிலில் ஒரு படம் போதுமே, ஊர் முழுக்கப் போய்விடும். இன்னொரு தாள், இன்னொரு அடுக்கு பவுடர். ஒற்றிய தாளைப் பார்க்காமலே கசக்கிப் போட்டேன். மூன்றாவது தடவை பவுடர் வைத்தபோது அது ஒட்டாமல் திட்டுத் திட்டாக நின்றது, மழையில் நனைந்த சுவரில் சுண்ணாம்பு நிற்கிற மாதிரி.

அருள்ரீட்டா சிரித்தார். “என்னத்தா, எங்க வீட்டுக்கு வரணும்னதும் இப்பயே வேர்க்குதா? நான் ஒண்ணும் கடிச்சிற மாட்டேன்.”

மரியபுஷ்பம் அம்மா அவசரமாகச் சிரித்தார். “பயம் மகளே. சின்னதுலருந்தே அப்பிடித்தான்.”

ஜெனிட்டா சிரிக்கவில்லை. நான் பஞ்சைக் கொண்டுபோனபோது என் கையைத் தட்டிவிட்டாள். “சும்மா சும்மா தொடாதீங்க!” என்று கத்தினாள். குரல் குழறியது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கல்யாணப் பெண்கள் கத்துவார்கள், அழுவார்கள், ஒருத்தி என் மேல் சீப்பை எறிந்திருக்கிறாள். கோபப்பட்டால் இன்னும் வியர்க்குமே என்றுதான் கவலைப்பட்டேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

“நீங்க யாரு?”

ராஜ்குமார் சிரித்துவிட்டான். “அக்கா, மேக்கப் ஒங்களுக்குப் போட்டுட்டீங்களா?” என்றான். அருள்ரீட்டாவும் சிரித்தார். அம்மாகூடச் சிரித்தார்.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு நாள் காலையில் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு இதே கேள்வியை, இதே மரியாதையோடு என்னிடம் கேட்டார். அவருக்குச் சர்க்கரை. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வயலுக்குப் போய், உடம்பில் சர்க்கரை இறங்கித் திரும்பியிருந்தார். அன்றைக்கும் அவர் முகம் எண்ணெய் தடவியது மாதிரி மினுங்கியது. அவர் வயிற்றிலும் ஊசி குத்திய நீலப் புள்ளிகள்.

பஞ்சைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையின் பின்புறத்தை அவள் கழுத்தில் வைத்தேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் அப்படி இருக்கும். அந்த ஏசிக் குளிரில், அருள்ரீட்டா துப்பட்டா சுற்றிக்கொண்டு நடுங்குகிற அறையில், அந்தப் பிள்ளை குளிர்ந்துபோய் வியர்த்துக்கொண்டிருந்தாள். கீழே கிடந்த தாள்களைப் பார்த்தேன். எண்ணெய் பட்ட தாள் கண்ணாடி மாதிரி ஆகும். இவை நனைந்து, நைந்து, கிழிந்து கிடந்தன. முதல் தாளைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

யோசிப்பதற்கு நேரம் இருந்ததா என்று பிறகு பல பேர் கேட்டார்கள். இருந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு எல்லாமே புரிந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரியாது. தெரிந்தால் கல்யாணம் நிற்கலாம். அருள்ரீட்டா கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவரை ஏதாவது சொல்லிக் கீழே அனுப்பலாம், பூ வாங்கிவரச் சொல்லலாம். ஆனால் அவர் எழுந்து, செருப்பு மாட்டி, ஏன் எதற்கு என்று கேட்டுப் போகிறவரை இந்தப் பிள்ளை முழித்திருப்பாளா? மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று எங்கள் வீட்டுக்காரரின் டாக்டர் சொல்லியிருந்தார். விழுங்குகிற தெம்பு இருக்கும்போதே கொடுக்க வேண்டும். அது போய்க்கொண்டிருந்தது.

அதனால் சத்தமாகவே கேட்டேன்.

“காலைல ஊசி போட்டுச்சா பிள்ள?”

மரியபுஷ்பம் அம்மாவின் முகத்தை நான் மறக்கவே மாட்டேன். அடித்திருந்தால்கூட அப்படி ஆகியிருக்காது.

“என்ன ஊசி? எந்த ஊசி? என்னக்கா ஒளர்றீங்க?”

“சக்கரை ஊசி. போட்டுட்டுச் சாப்பிடலையா? சொல்லுங்கம்மா!”

“எம் மகளுக்கு ஒரு நோயும் கெடையாது. பயத்துல வேர்க்குது. நீங்க ஒங்க வேலையப் பாருங்க.”

ராஜ்குமார் குடித்துக்கொண்டிருந்த ஆரஞ்சுக் கலர் சோடா பாட்டில் ஜன்னலோரம் பாதியாக இருந்தது. அதை எடுத்தேன். அந்த அம்மா குறுக்கே வந்து நின்றார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

“நன்மை வாங்கணும்கா. மாதா மேல ஆணை, குடுக்காதீங்க. மாப்ள வீட்டு ஆளு முன்னாடி வேண்டாம்கா.”

கடைசி வார்த்தையைச் சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கே தெரிந்தது. அவருடைய கைகள் கீழே இறங்கின.

ஜெனிட்டாவின் தாடையைப் பிடித்து, பாட்டிலை வாயில் வைத்து, “குடி ஆத்தா, விழுங்கு, விழுங்கு” என்றேன். ஊற்றியதில் பாதி உள்ளே போனது. மறு பாதி தாடை வழியாக, கழுத்து வழியாக, அந்த வெள்ளைப் பட்டில் ஆரஞ்சாக இறங்கியது.

“அய்யோ சேலை!” என்று அருள்ரீட்டா எழுந்தார். “எந்தம்பி எடுத்த சேலை! ஏக்கா, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?”

நான் நிறுத்தவில்லை. அருள்ரீட்டா பாட்டிலைப் பிடுங்கத்தான் வந்தார். வந்த வேகத்தில் ஜெனிட்டாவின் தோளைப் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றது.

“என்ன, இப்பிடிச் சில்லுன்னு இருக்கா?”

அருள்ரீட்டா என்னைப் பார்த்தார். அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி, ஒரு கையால் ஜெனிட்டாவின் தலையைத் தாங்கி, தானே புகட்ட ஆரம்பித்தார். “மெதுவா. இன்னொரு மடக்கு” என்று சொல்லிக்கொண்டே, திரும்பாமல் கேட்டார். “எத்தன வருசமா?”

“பன்னெண்டு வயசுலருந்து” என்றார் மரியபுஷ்பம் அம்மா. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பீரோவில் துணிகளுக்கு அடியில் சர்க்கரை பார்க்கிற சின்ன மிஷின் இருந்தது. ராஜ்குமார்தான் எடுத்து வந்தான். விரலில் குத்திப் பார்த்தால் ஐம்பதுகூட இல்லை. குடித்த பிறகே அவ்வளவுதான். குடிப்பதற்கு முன்னால் எவ்வளவு இருந்திருக்கும் என்று இன்றைக்கும் கணக்குப் போட எனக்குத் தைரியம் இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தாள். கண்ணில் முதலில் ஒரு பிடிப்பு வந்தது. உதடு துடித்தது. சேலையைப் பார்த்தாள். “இது என்ன கறை?” என்றாள். பிறகு அருள்ரீட்டாவின் மடியில் தன் தலை இருப்பதைப் பார்த்து எழுந்திருக்கப் போனாள்.

“படு அப்பிடியே” என்றார் அருள்ரீட்டா. அதட்டலாகத்தான் சொன்னார். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மெதுவாகப் பேசினார், அதுதான் பயமாக இருந்தது.

“ஏம்மா. இத மறைச்சு எந்தம்பி கையில பிடிச்சுக் குடுத்துருவீங்க. ஒரு நா விடியக்காலம் இவ எந்திரிக்க மாட்டா. எங்களுக்கு என்ன செய்றதுன்னு தெரியாது. அவன் கடலுக்குப் போயிருப்பான், நானும் எங்கம்மாவும்தான் வீட்டுல. மருமகளக் கொன்னுட்டாளுகன்னு ஊரு எங்களத்தானம்மா சொல்லும்?”

அருள்ரீட்டாவின் கோபத்தை நான் அதுவரை வேறு மாதிரி நினைத்து வைத்திருந்தேன். நோய்க்காரியைத் தலையில் கட்டப் பார்த்தீர்களே என்று கேட்பார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

பிறகு தம்பிக்குப் போன் போட்டார். எங்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார். அதை வேண்டுமென்றேதான் செய்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார், சேலை உட்பட. அந்தப் பக்கம் கோயில் வாசலில் பேண்டு சத்தம். ஜெனிட்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

“இப்ப சாப்பிட்டாளா?” என்றது மாப்பிள்ளையின் குரல்.

“கலர் மட்டும்தான் குடிச்சிருக்கா.”

“சாப்பிடச் சொல்லுங்க. சாமியார்ட்ட நான் சொல்லிக்கிறேன், லேட்டாகும்னு.” நிறுத்தினான். “மறைச்சதப் பத்தி நான் பேசாம இருக்க மாட்டேன்னு அவங்க அம்மாட்ட சொல்லுங்க. அது பெறவு. இப்ப சாப்பிடட்டும்.”

கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டான். சாமியார் சொன்னாராம்: நோயாளிக்கு அந்த விரதமே கிடையாது, தண்ணீரும் மருந்தும் யாருக்குமே தடை இல்லை, இதை யார் இவர்களுக்குச் சொன்னது என்று. மரியபுஷ்பம் அம்மா நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. யாருமே கேட்காத ஒன்றுக்காகத் தன் பிள்ளையைப் பறிகொடுக்கப் பார்த்த ஒருத்தியின் பார்வை.

அருள்ரீட்டாவே இட்லியைப் பிட்டு ஊட்டினார். “வாயத் தொற. லிப்ஸ்டிக்கு போனாப் போகுது, பார்லர் அக்கா மறுபடி போடுவாக. அதுக்குத்தான வந்திருக்காக.” தெருவிலேயே இருந்த ஒரு நர்ஸ் வந்து, இன்னொரு தடவை குத்திப் பார்த்து, கோயிலுக்குப் போகலாம் என்று சொன்ன பிறகுதான் என் கையில் வேலை திரும்பி வந்தது.

முகத்தை முழுக்கத் துடைத்தேன். கொசுவத்தை அவிழ்த்து, கறை உள்மடிப்புக்குள் போகிற மாதிரி திருப்பி மடித்தேன். மார்புப் பக்கம் இருந்ததை முந்தானை மடிப்பு மறைத்தது. அடிப்பூச்சு லேசாக, கண்ணுக்கு மை, உதட்டுக்குச் சாயம், அவ்வளவுதான். பவுடர் டப்பாவைத் திறக்க என் கைக்கு வரவில்லை. வெளியே வெயிலில் இறங்கியதும் அவளுக்கு வியர்த்தது. ஓடிப்போய் நெற்றியில் கை வைத்தேன். சூடான வியர்வை. நல்ல வியர்வை.

“அக்கா, மின்னுது” என்றான் ராஜ்குமார், பழக்கதோஷத்தில்.

“மின்னட்டும்டா” என்றார் அருள்ரீட்டா, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால்.

அந்தப் படங்களில் எல்லாம் அவள் மூக்கும் நெற்றியும் பளபளவென்றுதான் இருக்கின்றன. என் வேலையைக் காட்டுவதற்காக வைத்திருந்த ஆல்பத்தில் அவற்றைச் சேர்த்ததில்லை. தனியாக வைத்திருக்கிறேன்.

பிள்ளைகளே, இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்று கேட்டால், முகத்தை மூடுவதற்கு முன்னால் தொட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பஞ்சால் தொடாதீர்கள், தோலால் தொடுங்கள். ஒற்றிய தாளைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மணப்பெண் சாப்பிட்டாளா என்று கேளுங்கள், உதட்டுச் சாயம் போனால் போகட்டும். மாத்திரை, ஊசி ஏதாவது உண்டா என்று முதல் நாளே, அந்தப் பெண்ணிடம் மட்டும், தனியாகக் கேளுங்கள். தனியாக என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவளைப் பிழைக்க வைத்தது சரி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அம்மாவின் காதில் குனிந்து கேட்டிருக்கலாமோ, கேட்காமலே பாட்டிலை வாயில் வைத்திருக்கலாமோ, தாகத்துக்குக் குடித்தாள் என்று பிறகு சமாளித்திருக்கலாமோ என்று எத்தனையோ விதமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஓரிடத்தில் நேரம் போதாமல் போகிறது. ஜெனிட்டா நன்றாக இருக்கிறாள். இப்போது அவளுக்கு ஊசி எடுத்துக் கொடுப்பதே மாமியார்தான் என்று அருள்ரீட்டா போனில் சொன்னார். பேசியதெல்லாம் பேசித் தீர்த்தார்களாம். தீராதது எனக்கும் மரியபுஷ்பம் அம்மாவுக்கும் இடையில்தான்.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, மீதிப் பணத்துக்காக மரியபுஷ்பம் அம்மாவுக்குப் போன் செய்தேன். முன்பணம் ஐயாயிரம் ஏற்கெனவே வாங்கியிருந்தேன். அவர் கோபப்படவில்லை. நிதானமாகவே பேசினார்.

“எம் மக உசுரக் காப்பாத்துனீங்க. அதுக்கு ஒங்களுக்காக தெனமும் செபம் சொல்றேன். அத்தன பேரு முன்னாடி என்னையப் பொய்க்காரியா நிக்க வச்சீங்க. அதுக்குக் காசு குடுக்க எனக்கு மனசு வரலக்கா.”

நான் என்ன சொல்வது? சரிம்மா என்று வைத்துவிட்டேன். பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் வீட்டு வாடகை இருக்கிறது, முழங்காலுக்கு மாத்திரை இருக்கிறது. அதனால் எப்போதாவது தைரியம் வருகிற நாளில் கூப்பிட்டுக் கேட்கிறேன். அவரும் போனை எடுக்காமல் இருப்பதில்லை. சுகம் விசாரிக்கிறார், செபம் சொல்வதாகச் சொல்கிறார், வைத்துவிடுகிறார். பாக்கி ஒன்பதாயிரம் ரூபாய்.